இரத்தப் புற்றுநோய்க்குக் கடல் தந்த மருந்து

புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்பவர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான படிவத்துடன் முன்பதிவு ஜன்னலில் வந்து நிற்கும் நம்மவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரத்தப் புற்றுநோய் கண்ட மகனுக்காக வந்த தொழிலாளி ஒருவர் கேட்டார்: "கடல் பஞ்சுல இருந்து வந்த மருந்தாமே சார்! அந்தப் பஞ்சையே அரைச்சுக் குடுத்தா ஆகாதா?"

ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

ஓடாத பிராணி

கடற்பஞ்சு செடியல்ல, பிராணி. பாறையில் ஒட்டியபடியே வாழும். எதிரி வந்தால் ஓட முடியாது. கடிக்கப் பல்லும் இல்லை. பல வகைப் பஞ்சுகளுக்கு உடலில் உள்ள இரசாயனப் பொருள்களே காவல்.

அமெரிக்காவின் புளோரிடா கடலில் 1945-ல் எடுத்த ஒரு பஞ்சில், வெர்னர் பெர்க்மான் என்ற விஞ்ஞானி புதுமையான பொருள்களைக் கண்டார். அவற்றை மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதுதான் 'சைட்டராபின்'. 1969-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்தாக இருக்கிறது.

கொக்கி இல்லாத பெட்டி

புற்றுநோய் அணு பெருக வேண்டுமானால், தன் மரபு இழையைப் பிரதி எடுக்க வேண்டும். பெட்டி பெட்டியாகக் கோத்து ரயில் அமைப்பது போன்ற வேலை அது. சைட்டராபின், பார்வைக்கு ஒன்றுபோலிருந்தும் கொக்கி சரியில்லாத பெட்டி! நடுவே அது புகுந்துவிட்டால் அடுத்த பெட்டி சரியாக மாட்டாது. அணு பெருக முடியாமல் மடிகிறது.

இதை வாயால் விழுங்கினால் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்துவிடும். அதனால்தான் ஊசி. பஞ்சை அரைத்துக் குடிப்பதில் பயனில்லை.

600 கிலோ பஞ்சு!

ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து 'ஹாலிகாண்ட்ரின் பி' என்ற பொருள் வெறும் 12.5 மில்லிகிராம்தான் கிடைத்தது. ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிடக் கனம்! கடலையே அரித்தாலும் போதாது. 1992-ல் ஹார்வர்டில் கிஷி குழுவினர் அதைச் செயற்கையாக உருவாக்கினர். அந்த வழியில் பிறந்த 'எரிபுலின்', முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

காய்ச்சல் வந்தால்...

சைட்டராபின் நல்ல இரத்த அணுக்களையும் குறைத்துவிடும். அப்போது தொற்று எளிதில் பற்றும். எனவே காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊசித் தேதியும் தவறக்கூடாது.

மறுபரிசோதனைப் பயணத்துக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும்கூட ரயிலில் சலுகை உண்டு. கேட்டு வாங்குங்கள்.