வீட்டுக் கேமராவும் கணினியின் சுமையும்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் வீட்டில் என்பது நம் தெருக்களில் சாதாரணமாகிவிட்டது. அதனாலேயே வாசலில் கேமரா பொருத்தும் வீடுகளும் பெருகியுள்ளன. பழைய கணினி ஒன்றில் பதிவு மென்பொருளை நிறுவினால் செலவு குறையும் என்பதால், எங்கள் அறக்கட்டளையும் சில குடும்பங்களுக்கு அவ்வாறு செய்து கொடுத்தது. அதில் நாங்கள் செய்த ஒரு தவறையும், அதனால் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதிய தம்பதியர் வசிக்கும் ஒரு வீட்டில் நான்கு கேமராக்கள். மழைக்கால இரவு ஒன்றில் வாசலில் நின்ற இருசக்கர வாகனம் திருடு போனது. பதிவைப் பார்த்தோம். 2.11 மணிக்கு வாகனம் நிற்கிறது. அடுத்த காட்சி 2.14; வாகனம் இல்லை. இடைப்பட்ட மூன்று நிமிடங்கள் பதிவாகவே இல்லை. கேமராவில் பழுதில்லை, ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. பின்னர் இன்னொரு மழை இரவில் அதே கணினியின் அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பிராசசர் 100 சதவீதத்தில் நின்று திணறிக்கொண்டிருந்தது. நிறுவிய அன்று பகலில் ஒரு தடவை பார்த்து, "நன்றாக ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். இரவில் அளந்து பார்க்கவில்லை. குறை எங்களுடையதே.

பிராசசருக்கு அப்படி என்ன வேலை?

கேமரா தன் காட்சியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. வந்ததை அப்படியே டிஸ்கில் எழுதுவது கணினிக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் யாராவது நடமாடுகிறார்களா என்று கண்டறிய, சுருக்கிய காட்சியை விரித்து, ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். திரையில் நேரலையாகக் காட்டவும் விரித்தாக வேண்டும். தேதி, நேரத்தை மென்பொருளே படத்தின் மேல் எழுதினால், விரித்ததை மீண்டும் சுருக்கவும் வேண்டும். சுமையில் பெரும்பங்கு இங்கேதான்.

கணக்கிட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்றால், ஒரு கேமராவுக்கு மட்டும் நொடிக்கு ஐந்து கோடிப் புள்ளிகளுக்கு மேல். நான்கு கேமராவுக்கு இருபது கோடி.

அளப்பது எப்படி?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பின்வரும் வரிசையில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பதிவு மென்பொருளை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் சி.பி.யு. சதவீதத்தைக் கவனியுங்கள். அதுவே கணினியின் வெறும் சுமை.

2. ஒரு கேமராவை மட்டும் இயக்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தக் கேமரா எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

3. பகலில் ஒரு முறை, மஃரிபுக்குப் பிறகு ஒரு முறை, மழையில் ஒரு முறை அளந்து பாருங்கள். இருட்டில் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் கூடும். மழைத்துளியும் விளக்கைச் சுற்றும் பூச்சியும் நடமாட்டமாகவே தெரியும். அந்த வீட்டில் நடந்ததும் இதுதான்.

4. நேரலைத் திரையைத் திறந்து வைத்தும், மூடி வைத்தும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கைபேசியில் பார்க்கும் நேரத்திலும் ஒரு முறை குறியுங்கள்.

மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு கோர் உள்ள பிராசசரில் ஒரு கோர் முழுதும் திணறினாலும் மொத்தம் 25 என்றே காட்டலாம். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் செய்யலாம்.

சோன்மைண்டர் போன்ற இலவச மென்பொருளை லினக்ஸில் ஓட்டுபவர்கள் 'டாப்' கட்டளையைப் பயன்படுத்தலாம். அங்கே ஒரு கோர் என்பதே 100 சதவீதம். நான்கு கோர் கணினியில் ஒரு நிரல் 250 என்று காட்டினால் அது பிழையல்ல. மேலே தெரியும் மூன்று 'லோட்' எண்கள் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. நான்கு கோருக்கு 4 என்பது நிறைந்த நிலை. ஆனால் டிஸ்குக்காகக் காத்திருக்கும் வேலையும் அந்த எண்ணில் சேரும். லோட் அதிகமாகவும் சி.பி.யு. குறைவாகவும் இருந்தால் டிஸ்கைச் சோதியுங்கள். புதிய பிராசசர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

சராசரிச் சுமை பாதிக்குள் இருக்க வேண்டும், மிக மோசமான இரவிலும் 80ஐத் தாண்டி நிற்கக் கூடாது என்பதை இப்போது எங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

குறைப்பது எப்படி?

பெரும்பாலான கேமராக்கள் பெரிய காட்சி, சிறிய காட்சி என இரண்டை அனுப்பும். பதிவுக்குப் பெரியதையும், நடமாட்டத்தைக் கண்டறியச் சிறியதையும் கொடுங்கள். 640க்கு 360 அளவில் நொடிக்கு 5 படம் போதும். முன்பு ஐந்து கோடியாக இருந்த புள்ளிகள் சுமார் பதினொன்றரை லட்சமாகும். ஏறத்தாழ 45இல் ஒரு பங்கு. பதிவை மீண்டும் சுருக்காமல் நேரடியாக டிஸ்கில் எழுதும்படி வையுங்கள். தேதி, நேரத்தைக் கேமராவே எழுதட்டும். நேரலைத் திரையை வேண்டியபோது மட்டும் திறங்கள்.

எச்.265 முறை டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் விரிக்கும் வேலை கூடுதல். இன்டெல் 2015இல் வெளியிட்ட ஆறாம் தலைமுறைக்கு முந்தைய பழைய பிராசசர் என்றால் எச்.264 முறையே நல்லது. உள்ளே படிந்த தூசியையும் துடைத்துவிடுங்கள். சூடேறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மேலே சொன்னவற்றை மட்டுமே செய்தோம். அடுத்த மழை இரவில் பதிவு எங்கும் விடுபடவில்லை. வாகனம் திரும்பவில்லை என்பது வருத்தமே. நாங்கள் கணினி கொடுத்த மற்ற வீடுகளையும் இப்போது இரவு நேரத்தில் சென்று அளந்து வருகிறோம். உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் இந்த வாரமே ஓர் இரவு அளந்து பாருங்கள். தாளைக் கொண்டுவந்தால், அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.