முளைத்து மூன்று இலை: சிறுவர் சொல்லுக்கு எத்தனை மதிப்பு?

நம் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வசனங்கள் சில உண்டு. "முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ளே பேச்சைப் பாரு!" "பெரியவங்க பேசற இடத்துலே உனக்கு என்ன வேலை?" "வந்துட்டார் தகப்பன்சாமி!" அடியேனும் இவற்றைக் கேட்டு வளர்ந்தவன், பிறகு இவற்றையே சொல்லிப் பிள்ளை வளர்த்தவன். அரிசி வியாபாரம் செய்து பிழைப்பவன், கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடை சாத்திய பிறகு படித்ததையும், வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, சிறுவர் சொல்லுக்குப் பெரியவர்கள் எத்தனை மதிப்பு தரவேண்டும் என்பதை இங்கே ஆராய விழைகிறேன்.

தகப்பன்சாமி என்ற பேரையே பாருங்கள். தகப்பனுக்குப் பிள்ளை உபதேசம் செய்தான், தகப்பனும் பணிந்து கேட்டார் என்று சுவாமிமலை முருகனுக்கு வழங்கும் பேர் அது. கோயிலில் அது பெருமை. அதையே வீட்டில் பிள்ளையின் வாயை அடைக்கும் கேலியாக்கிவிட்டோம்.

வெளியே வாய், வீட்டில் பூட்டு

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வியில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஊரில் இருக்கும் தகப்பனுக்கு ஊர்ப் பேச்சு தெரியும். இங்கே நமக்கு முன்னால் நம் பிள்ளைகளுக்குத்தான் மராத்தியும் இந்தியும் சரளமாக வருகின்றன. மருத்துவரிடம் பாட்டியின் வலியை எடுத்துச் சொல்வது யார்? ரேஷன் அலுவலகத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது யார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. வெளியே அவன் வாயை நம்பி நடக்கிறோம். வீடு திரும்பியதும் "வாயை மூடு" என்கிறோம். இந்த முரணைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டு. என் மகனுக்கு 12 வயது. மும்பையில் இருந்தால் தமிழ் எழுதப் படிக்க வராது என்று தமிழ்நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான். அவன் அழவில்லை. மறுநாள் கடைக்கு வந்து என் எதிரில் நின்று சொன்னான்: "அப்பா, தமிழ் படிக்கணும்னா பாட்டி இருக்காங்களே. தினம் ராத்திரி ஸ்ரீபுராணம் வாசிக்கறாங்க. நானும் கூட உக்காந்து வாசிக்கறேன். ஒரு வருஷம் பாருங்க. வரலைன்னா அனுப்புங்க."

எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதன்பிறகு என் தாயார் விளக்கடியில் அமர்ந்து ஸ்ரீபுராணம் வாசிப்பார். பையன் சொன்னதில் நோக்கம் இருந்தது, வழி இருந்தது, கெடு இருந்தது, தவறினால் என்ன என்பதும் இருந்தது. ஒரு வியாபாரி இப்படிப் பேசியிருந்தால் உட்காரவைத்து டீ வரவழைத்திருப்பேன். பிள்ளை பேசியதால் "முளைச்சு மூணு இலை விடலை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் போனான். அடுத்த தை மாதம் என் தாயார் காலமானார். காரியத்துக்கு வந்தவன் அவர் வாசித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். பள்ளியின் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தமிழ் நன்றாகவே கற்றுவந்தான். ஆனால் அந்தத் தமிழில் என்னோடு பல வருஷம் பேசவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவன் இந்தியில் பதில் சொல்வான்.

வெகுகாலம் கழித்து, அவனுக்கே குழந்தை பிறந்த பிறகு, ஒருநாள் சொன்னான்: "நீங்க அனுப்பினது கூடப் பரவாயில்லைப்பா. நான் சொன்னதுக்குப் பதிலே சொல்லலையே." அனுப்பியது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கேட்காமல், பதில் சொல்லாமல் அனுப்பியது தவறு. இந்தக் கட்டுரையின் சாரமும் அதுவே.

நரைமுடி கண்ட நீதி

நம் பழைய நூல்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு, முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவர் செய்தது. அதில் கரிகாலனைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. வழக்கோடு வந்த முதியவர்கள், இவ்வளவு இளைஞனா நமக்குத் தீர்ப்புச் சொல்வது என்று தயங்கினார்கள். சோழன் நரைமுடி தரித்து முதியவர்போல் அமர்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கினான். அவர்களும் மகிழ்ந்தார்கள். மணிமேகலையும் இதைக் குறிப்பிடுகிறது.

கரிகாலனின் சாமர்த்தியத்துக்காகவே இக்கதையைச் சொல்வார்கள். நான் அந்த முதியவர்களைப் பார்க்கிறேன். அறிவு அதே அறிவு, வாய் அதே வாய். மாறியது தலைமயிர் ஒன்றுதான். ஆக, அதுவரை அவர்கள் சொல்லை எடைபோடவில்லை, வயதை எடைபோட்டார்கள். தராசுத் தட்டில் அரிசியை வைக்காமல் மூட்டையின் நிறத்தைப் பார்த்து விலை சொல்வது போல! சொன்னவர் யார் என்பதை விட்டுச் சொன்னதில் உள்ள மெய்யைப் பார்க்கச் சொல்லும் வள்ளுவர், அதை 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்ததன் பொருள் இதுவே.

இன்னொரு கதை அகளங்கரைப் பற்றியது. தத்துவார்த்த சூத்திரத்துக்கு 'ராஜவார்த்திகம்' என்ற பேருரை எழுதிய பெரிய தருக்க வல்லுநர் அவர். காஞ்சிக்கு அருகே கரந்தையில் அவர் நினைவை இன்றும் போற்றுகிறோம். அவரும் தம்பி நிகளங்கரும் சிறுவர்களாக இருந்தபோது நடந்ததாகக் கதாகோசம் சொல்கிறது. அஷ்டாஹ்நிகப் பண்டிகையில் பெற்றோர் ஒரு முனிவரிடம் எட்டு நாளைக்குப் பிரமசரிய விரதம் ஏற்றார்கள். விளையாட்டாகப் பிள்ளைகளையும் ஏற்கவைத்தார்கள். வளர்ந்த பின் கல்யாணப் பேச்சு எடுத்தபோது பிள்ளைகள், "நாங்கள்தான் விரதம் ஏற்றுவிட்டோமே" என்றார்கள். "அது வேடிக்கைக்குச் செய்தது" என்றார் தந்தை. "தருமத்தில் வேடிக்கை ஏது?" என்றார்கள் பிள்ளைகள்.

எல்லாப் பிள்ளையும் அகளங்கர் ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. பெரியவர் வேடிக்கையாகச் சொன்னதைச் சிறியவர் மெய்யாக எடுத்துக்கொள்கிறார். சிறியவர் மெய்யாகச் சொன்னதைப் பெரியவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார். வீடுகளில் பாதிச் சச்சரவு இங்கேதான் பிறக்கிறது. குழந்தை மனம்விட்டுச் சொன்னதை விருந்தினர் முன்னால் நகைச்சுவையாக நடித்துக் காட்டுகிறோமே, அது எத்தனை பெரிய அவமதிப்பு என்று அப்போது தோன்றுவதில்லை.

அப்படியானால் பிள்ளை சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. இங்கே எங்கள் சமயத்தின் அனேகாந்தக் கொள்கை கைகொடுக்கிறது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. மண் என்ற நிலையில் குடம் அழிவதில்லை, குடம் என்ற வடிவத்தில் அது அழிகிறது. ஒரு கோணத்தில் நின்று கண்டது 'நயம்'. என் கோணமே முழு உண்மை, மற்றது பொய் என்று பிடிவாதம் செய்தால் அது 'துர்நயம்'. அதனால்தான் எதையும் சொல்வதற்கு முன் 'சியாத்', அதாவது 'ஒருவகையில்' என்று சேர்த்துச் சொல்லும்படி நூல்கள் கற்பிக்கின்றன.

பிள்ளையின் கருத்து ஒரு நயம். நம்முடையதும் ஒரு நயம். பிள்ளைக்கு நாளை தெரியாது. நமக்கோ அந்தப் பள்ளி வகுப்பறையும் பஸ்ஸும் விளையாட்டுத் திடலும் தெரியாது. "எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால், முடிவாக அது தவறு. தகவலாக அது முக்கியம். அங்கே யாரோ அடிக்கிறார்கள், அல்லது கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை, அல்லது மொழி புரியவில்லை. முடிவை மறுக்கலாம், தகவலைத் தூக்கிப்போடக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதமே கூடாது. "அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்," "அவர் பக்கத்துலே உக்காரமாட்டேன்" என்று குழந்தை சொன்னால், "மரியாதை தெரியாதா?" என்று அதட்டாதீர்கள். தனியே அழைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும், அப்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. சட்டமே இத்தனை பணிந்து கேட்கும்போது பெற்றோர் கேட்கவேண்டாமா? உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு.

எத்தனை மதிப்பு? சட்டம் காட்டும் அளவு

1989ஆம் ஆண்டு ஐ.நா. சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. அதன் 12ஆம் விதி, தன்னைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்றபடி அதற்கு மதிப்புத் தரவேண்டும் என்கிறது. இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்பார்கள் சிலர். நம் நாட்டில் 1890ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள காப்பாளர் சட்டமே, விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதுள்ள பிள்ளையானால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது.

வியாபாரியான எனக்கு இதைவிட நன்றாகப் புரிவது பார்ட்னர்ஷிப் சட்டம் என்று நாம் சொல்லும் 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். மைனர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகாது. 1903இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதிசெய்தது. அப்படியிருந்தும் இச்சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. பங்குதாரர் எல்லோரும் சம்மதித்தால் மைனரைக் கடையின் பலன்களுக்கு உரியவனாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவனுக்கு லாபத்தில் பங்கு உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை உண்டு. நஷ்டம் வந்தால் அவன் பங்கு வரைக்கும்தான், சொந்தப் பொறுப்பு கிடையாது. 18 வயது நிரம்பிய பின் ஆறு மாதத்துக்குள், பங்குதாரனாகத் தொடர்கிறேன் அல்லது விலகுகிறேன் என்று அறிவிக்கலாம். பேசாமல் இருந்தால் பங்குதாரன் ஆகிவிடுவான்.

குடும்பத்துக்கும் இந்த அளவே பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து. பிள்ளை நம் குடும்பம் என்ற கடையில் மைனர் பங்காளி. முடிவின் பாரத்தை அவன் தலையில் ஏற்றக் கூடாது. "நீதானே ஆசைப்பட்டே, இப்போ அனுபவி" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது அநியாயம். அதேசமயம் கணக்கைக் காட்ட மறுக்கவும் கூடாது. ஏன் ஊர் மாறுகிறோம், ஏன் இந்தப் பள்ளி, வீட்டு வாடகை எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பதெல்லாம் கணக்குத்தான். கணக்கைப் பார்த்த பிள்ளையின் கருத்து மாறும். சில சமயம் நம் கருத்தும் மாறும்.

வீட்டில் செய்யக்கூடியவை

என் அனுபவத்தில் தேறியவை நான்கு.

ஒன்று, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருத்தல். இது சுலபமல்ல, நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு, மறுப்பதானால் காரணம் சொல்லி மறுத்தல். தடுப்பூசி, படிப்பு, சாலையில் பாதுகாப்பு போன்றவற்றில் முடிவு பெரியவர்களுடையதே. ஆனால் "நான் சொல்றேன், அதான் காரணம்" என்பது காரணமல்ல.

மூன்று, சின்ன விஷயங்களை முழுவதும் அவர்களிடமே விடுதல். கைச்செலவுக் காசை எதில் போடுவது, எந்த விளையாட்டில் சேருவது போன்றவற்றில் தவறினால் நஷ்டம் பத்து ரூபாய். பத்து ரூபாய் நஷ்டத்தில் கற்காதவன் பிற்பாடு பத்து லட்சத்தில் கற்பான்.

நான்கு, பெரிய மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிக் கருத்துக் கேட்டல். டிக்கெட் எடுத்த பிறகு கேட்பது, கேட்டதாகாது.

முடிவாக

மூன்று இலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் நாற்று முற்றினால்தான் பறித்து நடுவார்கள். 25, 30 நாள் ஆகவேண்டும். திருந்திய நெல் சாகுபடி முறை வந்தபோது 14 நாள் நாற்றை, ஒற்றை நாற்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடச்சொன்னார்கள். மூன்று இலைகூடச் சரியாக விடாத பயிரா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இளம் நாற்று, இடம் விட்டு நட்டதால், நன்றாகத் தூர் கட்டியதைப் பிறகு கண்ணால் கண்டேன். இடைவெளி விட்டதும் களை எடுத்ததும் விவசாயிதான். தூர் கட்டியது பயிர்.

நம் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று வருஷாவருஷம் கவலைப்படுகிறோம், தீர்மானம் போடுகிறோம். ஏன் வரவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டவர் எத்தனை பேர்? இந்த மலரை மூடிவைத்ததும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அதை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முடியும்வரை கேளுங்கள், பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். 1997இல் நான் கடையில் செய்யத் தவறியது அந்த இரண்டைத்தான்.