இல்லத்துக்கு ஓர் இணையத் தொலைபேசி

வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நிறுவ விரும்புவோர், அதற்குப் பிரம்மாண்டமான யந்திரம் வேண்டுமென்று எண்ணித் தயங்குவது அநாவசியம். 1999-இல் மார்க் ஸ்பென்ஸர் என்ற அமெரிக்க இளைஞர் உருவாக்கி, எவரும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று அளித்த ‘ஆஸ்டரிஸ்க்’ என்னும் மென்பொருள், ஒரு குடும்பத்தின் நாலைந்து தொலைபேசிகளை ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியிலிருந்தே சிரமமின்றி நிர்வகிக்கும்.

விவேகம் தேவைப்படுவது, சாதாரணத் தொலைபேசியை இந்த ஏற்பாட்டுடன் இணைக்கும் அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான். பழைய தொலைபேசியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் (எறியவும் வேண்டியதில்லை), அதற்கு மணியடிக்கும் மின்சாரத்தையும் டயல் ஒலியையும் தரவல்ல எப்.எக்ஸ்.எஸ். துவாரமுள்ள அடாப்டரை வாங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பி இணைப்பையும் இத்துடன் சேர்க்க நினைப்போருக்கோ, எப்.எக்ஸ்.ஓ. துவாரம் அவசியம். தோற்றத்தில் இரண்டும் ஒன்றே, காரியத்தில் நேர்மாறானவை. விரலால் சுழற்றும் டயலின் சமிக்ஞையை எல்லா அடாப்டர்களும் கிரகிப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிதல் நலம்.

இணைய வேகம் ஒரு பிரச்சினையன்று: ஜி.711 என்னும் ஒலிக்குறியீட்டு முறையில் குரல் விநாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு 64 கிலோபிட்டாகிறது. முகவரி விவரங்கள் சேர்ந்தாலும் ஒரு திசைக்கு 100 கிலோபிட்டுக்குள் அடங்கும்.

மின்சாரம்தான் என் கவலை. பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தமையால், ஊரே இருளில் மூழ்கினாலும் அது பேசியது. புதிய ஏற்பாட்டில் மோடம், ரவுட்டர், அடாப்டர், கணினி யாவும் வீட்டு மின்சாரத்தையே நம்பியிருப்பதால், முதியோரும் நோயாளிகளும் உள்ள இல்லங்களில், இவையனைத்துக்கும் ஒரு யு.பி.எஸ். பொருத்திய பிறகே பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.