வலியறிந்து வகுக்கும் நேரசூசி

கிரானிலிருந்து மேற்கே புலிபாய்ந்தகல்லை நோக்கிச் செல்லும் வீதி, மாரி கடுத்த ஆண்டுகளில் வெள்ளத்துள் மறைந்துவிடும். அதற்கப்பால் விரிந்து கிடப்பது படுவான்கரை. குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் உழவர், விதைப்புக்கு முன் ஒரு கூட்டம் கூடுவது வழக்கம். வட்டவிதானைமாரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் உடனிருப்பர். எத்தனை ஏக்கர் விதைக்க ஆசை என்று அங்கு எவரும் முதலிற் கேட்பதில்லை. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதே முதல் வினா. நீரை அளந்த பின்னரே நிலத்தை அளப்பர்; அதன் பின்னரே விதைப்புக்கும் நீர் திறப்புக்கும் நாட் குறிப்பர்.

இத்தகைய நிதானமுள்ள மக்களிடையே வாழும் நாம், நமது வாழ்வுக்குத் திட்டம் வகுக்கும்போது இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி விடுகின்றோம். புத்தாண்டு பிறந்ததும் நேரசூசி ஒன்றை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டுகின்றோம். காலை 4 மணிக்குத் துயிலெழல், இரவு 11 மணி வரை படிப்பு என்று அதிற் கட்டங்கள் நிறைந்திருக்கும். ஒரு வாரம் கழிந்தபின் தாள் சுவரில் இருக்கும். பழக்கம் நம்மிடம் இராது. உடனே, “எனக்கு மனவுறுதி இல்லை” என்று தம்மையே நொந்துகொள்வோர் பலர். நீரளவு பாராமல் விதைத்துவிட்டோமோ என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இந்த உண்மையை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் என்னிடம் கணிதம் பயின்றான், கூர்மதி படைத்தவன். எனினும் முதற் பாடவேளையில் அவன் கண்கள் தாமே மூடிக்கொள்ளும். நான் கடுமையான நேரசூசி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் சென்றது. புள்ளிகள் உயரவில்லை, குறைந்தன. வகுப்பார் அனைவரும் கேட்க அவனைச் சோம்பேறி என்று கடிந்தேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

பாடசாலை விட்டபின் விறாந்தையிற் கண்டு காரணம் வினவினேன். “இரவில் வேளாண்மைக் காவல், சேர். யானை வந்தால் அப்பா தனித்து நிற்க ஏலாது” என்றான். பெரும்போக நெல் முற்றும் காலம் அது. இரவெல்லாம் தந்தையோடு காவற்பரணில் விழித்திருந்து, நான் விதித்தபடி விடியுமுன் புத்தகமும் விரித்திருக்கின்றான் அந்தப் பிள்ளை. அன்று நான் அடைந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. நான் அவனுடைய நேரத்தை எண்ணினேனேயன்றி வலிமையை எண்ணவில்லை.

திருவள்ளுவர் வலியறிதலை 48ஆம் அதிகாரமாகவும் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். அரசருக்குரைத்த அறமாயினும் அந்த முறைவைப்பு நமக்கும் பொருந்தும். தன் வலியை அறிந்தவனுக்கே காலத்தைப் பங்கிடும் தகுதி உண்டு.

நானும் அம்மாணவனும் புதிதாகத் தொடங்கினோம். ஒரு வாரம் எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எந்த வேளையில் மனம் தெளிந்திருக்கின்றது, எந்த வேளையில் மங்குகின்றது என்பதை மட்டும் ஒரு கொப்பியில் அவன் குறித்து வந்தான். பாடசாலை விட்டு உணவருந்திச் சற்று உறங்கி எழுந்தபின், அந்திவரை உள்ள பொழுதே அவனுக்குத் தெளிவான பொழுது என்று தெரிந்தது. கடினமான கணக்குகளை அப்பொழுதுக்கு ஒதுக்கினோம். இலக்கையும் சுருக்கினோம்: நாள்தோறும் கடந்தகால வினாத்தாளிலிருந்து இரண்டே கணக்குகள். காவலுக்குப் போகும் இரவிற் புத்தகம் வேண்டாம். உறவினர் காவலிருக்கும் இரவில் வேறெதுவும் வேண்டாம், உறக்கம் மட்டுமே. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று துயில் மருத்துவ வல்லுநர் கூறுகின்றனர். உறக்கத்தைத் திருடிப் படிப்பது விதைநெல்லைக் குற்றியுண்பதற்கு ஒப்பாகும்.

முதல் முறை அவனுக்குப் பல்கலைக்கழகம் கிட்டவில்லை. ஆயினும் அந்த இரண்டு கணக்குப் பழக்கம் அவனை விட்டு நீங்கவில்லை. மறுமுறை தோற்றி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் புகுந்தான்.

பழக்கம் ஒன்று படிவதற்கு எத்தனை நாளாகும் என்று மாணவர் கேட்பதுண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நிகழுமளவுக்குப் படிய, ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடைநிலை 66 நாள் என்றும் கணித்தனர். ஒரு நாள் தவறியதனால் மட்டும் பழக்கம் குலைந்துவிடவில்லை என்றும் கண்டனர். ஆகவே அயலவன் ஒரு மாதத்திற் சாதித்ததை நாம் சாதிக்கவில்லையே என்று வருந்துதல் வேண்டா. தவறிய நாளுக்காக அழுதிருப்பதினும் அடுத்த நாளைத் தவறவிடாதிருத்தல் நன்று.

நம் மட்டக்களப்பு நாடு ஈன்ற சுவாமி விபுலாநந்தரை நினைமின். பழந்தமிழிசையை ஆராய்ந்து அவர் இயற்றிய ‘யாழ் நூல்’ ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயன். அவ்வாண்டுகளில் அவர் வேறு கடமையின்றி இருந்தாரா? இமயச் சாரலில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். பணிகள் மாறின, இடங்கள் மாறின, இலக்கு மாறவில்லை. 1947 யூன் மாதம் நூல் அரங்கேறியது. யூலை 19இல் அவர் மறைந்தார். ஓரிரவிற் கொட்டித் தீர்த்த வெள்ளத்தால் விளைந்த பயிரன்று அது. ஆண்டாண்டாக அளந்து விட்ட நீரால் விளைந்தது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் நேரசூசியைப் பார்ப்பதற்கு முன் அவன் முகத்தைப் பாருங்கள். உறங்கினானா, உண்டானா, வீட்டுச் சுமையில் அவன் தோளில் எவ்வளவு என்று கேளுங்கள். என்னைப் போன்ற ஆசிரியரும் அதனையே முதலிற் கேட்கக் கடவோம். மாணவ மணிகளே, இன்றிரவு நேரசூசி எழுத வேண்டா. ஒரு வாரம் உங்கள் குளத்து நீரை அளந்து பாருங்கள். பின்னர் அதற்கேற்ற சிறு நிலத்தை வகுத்து விதையுங்கள். நாள்தோறும் தவறாது நீர் பாய்ச்சுங்கள். விளைவு உறுதி.