கொய்யாவுக்குக் கற்றாழைப் பூச்சு

பறித்த பிறகும் பழம் மூச்சு விடும்; ஈரத்தை இழந்து சுருங்கும். உண்ணத்தக்க மெல்லிய படலம் ஒன்று தோல்மேல் இருந்தால் இரண்டும் மெதுவாகும். 2005-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் திராட்சைக்குச் சோற்றுக்கற்றாழைக் கூழ் பூசி, 1 டிகிரி குளிரில் வைத்துப் பார்த்தார்கள். பூசாத குலை 7 நாள்தான். பூசியது 35 நாள் தாங்கியது.

குளிர்பதன அறை இல்லாத நமக்கு 35 நாள் கிடைக்காதுங்க. வண்டலூரில் பறித்த கொய்யா ரெண்டு நாள் கூடத் தாங்கினாலே போதும். சாயங்காலம் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம்.

மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை முழுக்க வடியவிடுங்கள். அது கசக்கும், வயிற்றுப்போக்கு தரும். உள்ளே உள்ள சோற்றைக் கழுவி, அரைத்து, வடிகட்டுங்கள். கழுவித் துடைத்த பழத்தை அதில் முக்கி நிழலில் உலர்த்துங்கள். கூழை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். அடிபட்ட பழத்தை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

முதலில் 10 பழம் பூசியும் 10 பழம் பூசாமலும் வைத்து, தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். கணக்கு சரியாக வந்தால் மட்டும் கூடை கூடையாகச் செய்யலாம். வாங்குபவரிடம் கற்றாழை பூசியதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.