இணையக் கடைக்கு எந்த உடுப்பு பொருந்தும்?

பருப்புப் பொடி, சத்துமாவு, வடாம், ஆரி வேலை செய்த ரவிக்கை, குழந்தைகளுக்கான பருத்திச் சட்டை... வீட்டில் இருந்தபடியே இவற்றைச் செய்து விற்கிற சகோதரிகள் இன்று ஏராளம். முதலில் அக்கம்பக்கம், பிறகு வாட்ஸ்அப், அதற்கும் பிறகு 'நமக்கென்று ஒரு இணையதளம் இருந்தால் என்ன?' என்ற எண்ணம் வருகிறது. நல்ல எண்ணம்தான். மகனோ, மகளோ, தெருக்கோடியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையோ நாலு நாள் உட்கார்ந்து செய்து கொடுத்தும் விடுகிறார்கள்.

ஆனால் அப்படி வருகிற பல பக்கங்களை, வாங்க வருகிறவரால் படிக்கவே முடிவதில்லை. விலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. 'ஆர்டர்' பொத்தான் பாதி திரைக்கு வெளியே போய் நிற்கிறது. வெள்ளையின் மேல் வெளிர் மஞ்சள் எழுத்து கண்ணைக் கசக்க வைக்கிறது. பொடி எவ்வளவு மணமாக இருந்து என்ன? ஃபோனில் மணம் வராதே!

பக்கத்தின் சங்கதி வேறு, அதன் உடுப்பு வேறு. பொருளின் பெயர், விலை, படம் இவற்றைச் சொல்வது ஹெச்.டி.எம்.எல். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி, எது எதற்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் சொல்வது சி.எஸ்.எஸ். ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஹோகோன் வியூம் லீ என்பவர் 1994 அக்டோபரில் இந்த யோசனையை வெளியிட்டார். பெர்ட் போஸ் என்பவரும் சேர்ந்து உழைத்து, 1996 டிசம்பரில் அது முறையான தரமாக வந்தது. அன்று முதல் ஒரு பக்கத்தின் உள்ளே கை வைக்காமலே அதன் தோற்றத்தை அடியோடு மாற்ற முடிகிறது.

இந்த சி.எஸ்.எஸ்.ஸை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதுவது, துணி வாங்கி, அளவெடுத்து, வெட்டி, தைக்கிற வேலை. அதனால்தான் ஏற்கெனவே எழுதி வைத்த தொகுப்புகள் வந்தன. அவற்றுக்குத்தான் 'ஃபிரேம்வொர்க்' என்று பெயர்.

ரெடிமேடா? மேட்சிங் சென்டரா?

மிகவும் பழக்கமானது பூட்ஸ்டிராப். ட்விட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் இருவரும் செய்து 2011 ஆகஸ்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இது ரெடிமேட் ரவிக்கை மாதிரி. பொத்தான், மெனு, பெட்டி, படிவம் எல்லாம் தைத்தே வரும். பக்கத்தின் தலையில் இரண்டொரு வரி சேர்த்தால் போதும், போட்டுக்கொள்ளலாம். பக்கத்தின் அகலத்தை இது 12 பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏன் 12? இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாக, எப்படிப் பிரித்தாலும் மீதி விழாது. டஜன் கணக்கில் வளையல் வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா!

குறை ஒன்று உண்டு. அந்த நீலப் பொத்தானைப் பார்த்ததும், 'ஓ, பூட்ஸ்டிராப்' என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நிறத்தையும் எழுத்தையும் நம் விருப்பத்துக்கு மாற்றினால் இந்தக் குறை போய்விடும். மாற்றும்போது அவர்கள் கொடுத்த கோப்பில் கை வைக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு சின்னக் கோப்பு எழுதி, அவர்களுடையதற்குக் கீழே சேருங்கள். ஒரே பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வருகிற விதிதான் செல்லும். புதுப் பதிப்பு வந்து பழைய கோப்பை எடுத்துப் போட்டாலும் உங்கள் நிறம் உங்களிடமே இருக்கும்.

அடுத்தது டெயில்விண்ட். ஆடம் வாதன் என்பவரும் நண்பர்களும் 2017-ல் கொண்டுவந்தது. இதில் தைத்த ரவிக்கை கிடையாது. மேட்சிங் சென்டருக்குள் நுழைந்த மாதிரி துணி, லைனிங், லேஸ், ஹூக் எல்லாம் தனித்தனியாக அடுக்கியிருக்கும். 'இவ்வளவு இடைவெளி', 'இந்த நிறம்', 'ஓரம் வளைவாக' என்று சின்னச் சின்னப் பெயர்களைக் கோத்து நாமே உருவாக்க வேண்டும். எதைப் போலவும் இல்லாத தோற்றம் கிடைக்கும். சேர்த்தவுடனே தலைப்புகளெல்லாம் சாதாரண எழுத்தாகச் சுருங்கி நிற்கும், பயந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் களைந்துவிட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது.

என் ஓரகத்தி வீட்டில் இதை வைத்து ஒரு சின்ன விவாதமே நடந்தது. சாம்பார்ப் பொடி வியாபாரம் அவளுக்கு. என்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிற மகன், "இப்ப எல்லாரும் டெயில்விண்ட்தாம்மா போடுறாங்க. பூட்ஸ்டிராப் எல்லாம் பழசு" என்றான்.

"சரிடா. அடுத்த வருஷம் வேலைன்னு நீ பெங்களூர் போயிடுவே. தீபாவளிக்கு மேலே ஒரு சிவப்புப் பட்டை போடணும்னா யாருடா செய்வா?"

"ஃபோன் பண்ணும்மா, செஞ்சு தர்றேன்."

"நீ ஃபோனை எடுத்தாத்தானே!"

சிரித்துவிட்டோம். ஆனால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. டெயில்விண்ட், நாம் பயன்படுத்திய பெயர்களை மட்டும் பொறுக்கி ஒரு கோப்பு தயாரிக்கிறது. நாளைக்குப் புதிதாக ஒரு பெயரை எழுதினால், அந்தத் தயாரிப்பு வேலையைத் திரும்ப ஒருமுறை ஓட்ட வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் சில ஏற்பாடுகள் வேண்டும், செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். பூட்ஸ்டிராப்பில் அந்தப் பாடு இல்லை. அவர்கள் கையேட்டைப் பார்த்து ஒரு பெயரை மாற்றினால் நிறம் மாறும்.

'தயாரிக்கவே வேண்டாம், இந்த ஒரு வரியைச் சேர்த்தால் டெயில்விண்ட் ஓடும்' என்று யாராவது சொல்லக்கூடும். அந்த வரி ஒத்திகைக்கு மட்டும் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தைக்கிற வேலை முழுவதையும் அது வாங்க வருகிறவரின் ஃபோன் தலையில் கட்டுகிறது!

ஆகவே என் அபிப்பிராயம் இது. தொடர்ந்து கவனிக்க ஆள் உண்டு, பக்கங்கள் பெருகப் போகின்றன என்றால் டெயில்விண்ட். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் பூட்ஸ்டிராப். நாலைந்து பக்கம்தான் என்றால் பைக்கோ என்ற சின்னத் தொகுப்பு இருக்கிறது. வெறும் ஹெச்.டி.எம்.எல். எழுதினாலே அது பாங்காக உடுத்திவிடும். புல்மா, ஃபவுண்டேஷன் என்று இன்னும் உண்டு. ஆனால் பத்துக் கடை ஏறி இறங்கினால் தீபாவளியே முடிந்துவிடும்.

ஃபிரேம்வொர்க்கே இல்லாமல் முடியாதா? முடியும். பெட்டிகளை வரிசையாக அடுக்குவது முன்பெல்லாம் பெரிய தலைவலி. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 'கிரிட்' வந்துவிட்டது. 'ஒவ்வொரு பெட்டியும் குறைந்தது 150 பிக்சல், இடம் உள்ள மட்டும் நிரப்பு' என்று ஒரே ஒரு விதி எழுதினால் ஃபோனில் இரண்டாகவும் லேப்டாப்பில் அதைவிட அதிகமாகவும் பொடிகள் தாமே அடுக்கிக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் மதியத் தூக்கத்தை நாலு நாள் தியாகம் செய்தால் போதும்.

எடை எங்கே இருக்கிறது?

'பூட்ஸ்டிராப் கனம், பக்கம் மெதுவாகிவிடும்' என்பது இன்னொரு பேச்சு. அதன் சி.எஸ்.எஸ். கோப்பு அழுத்தி அனுப்பப்படும்போது சுமார் 30 கிலோபைட். டெயில்விண்ட் பெரும்பாலும் 10 கிலோபைட்டுக்குள் அடங்கும். வித்தியாசம் 20. அதே பக்கத்தில் ஃபோனில் எடுத்த சாம்பார்ப் பொடிப் படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்களே, அது 3 மெகாபைட் என்றால் பூட்ஸ்டிராப்பைப் போல் நூறு மடங்கு! பத்துப் படம் வைத்தால் ஆயிரம் மடங்கு. கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் திறக்கிறவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவார். படத்தின் அகலத்தை 800 பிக்சலுக்குக் குறைத்து, வெப்-பி வடிவத்தில் சேமித்து ஏற்றுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழுக்கு வேறு அளவு

இதை எந்தக் கையேடும் நமக்குச் சொல்வதில்லை. இந்த ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளவெடுத்தவை. தமிழை அதில் போட்டால் அங்கங்கே பிடிக்கும்.

முதலாவது, வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி. நம் எழுத்தில் மேலே புள்ளியும், கீழே 'ழு', 'ளு', 'கூ' என்று வாலும் சுழியும் உண்டு. டெயில்விண்டின் பெரிய தலைப்பு அளவுகளில் வரியின் உயரமும் எழுத்தின் அளவும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் இரண்டு வரித் தலைப்பு போட்டால் மேல் வரி 'ழு'வின் வால், கீழ் வரி 'ம்' புள்ளியில் போய் இடிக்கும். பூட்ஸ்டிராப் தலைப்புக்கு 1.2 வைத்திருக்கிறது, அதுவும் நமக்கு இறுக்கம்தான். தலைப்புக்கு 1.4, உள்ளே வருகிற பத்திக்கு 1.7 என்று மாற்றிப் பாருங்கள். மூச்சுவிட்ட மாதிரி இருக்கும்.

இரண்டாவது, சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற பொத்தான் தமிழில் 'பதிவுசெய்துகொள்ளுங்கள்' என்று நீளும். சின்ன ஃபோனில் பெட்டியைத் தாண்டி வெளியே வந்து, முழுப் பக்கத்தையும் பக்கவாட்டில் ஆட வைக்கும். இடம் போதாவிட்டால் சொல்லை உடைக்க அனுமதிக்கிற விதி சி.எஸ்.எஸ்.ஸில் உண்டு. பூட்ஸ்டிராப்பிலும் டெயில்விண்டிலும் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. அதைவிட நல்லது, பொத்தானில் 'வாங்க' என்று சுருக்கமாக எழுதுவது. வரவேற்ற மாதிரியும் ஆயிற்று!

மூன்றாவது, எழுத்துரு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று அவரவர் வீட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். ஒரே மாதிரி வேண்டுமென்றால் முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்றவை கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று, அதில் சாதாரணம், தடித்தது என்று இரண்டே எடை எடுத்தால் போதும். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு தனியாக வரையப்படுவதில்லை. பிரவுசரே பிடித்துத் தள்ளிச் சாய்ப்பதால் விழப்போகிற மாதிரி நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். பக்கத்தின் முதல் வரியில் மொழி எது என்று ஒரு குறிப்பு இருக்கும். பூட்ஸ்டிராப்பின் மாதிரிப் பக்கத்தில் அது ஆங்கிலம். அப்படியே விட்டுவிட்டால், கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலி உங்கள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். அதைத் தமிழ் என்று மாற்றச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை.

கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும்

நிறம் விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, ஆனால் திரையில் ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகத் தர விதி. வெள்ளையில் ஆரஞ்சு எழுத்து 2-ஐக்கூடத் தொடாது. பளிச்சென்ற சிவப்பே 4-தான். வெள்ளையில் அரக்குச் சிவப்போ கிட்டத்தட்ட 11! மஞ்சள் பின்னணியில் அதே அரக்கு 10-ஐத் தாண்டும். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் கணக்குப் போடாமலே இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

இடுப்பில் குழந்தை, ஒரு கையில் ஃபோன். இப்படித்தான் உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் உங்கள் கடைக்கு வருகிறார்கள். வேலை செய்வது ஒரே ஒரு கட்டைவிரல். பொத்தான் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று 2023-ல் வந்த தர விதி சொல்கிறது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 48 வேண்டும் என்கிறார்கள். நான் 48-ன் பக்கம். 'வாங்க' பொத்தானும் 'நீக்கு' பொத்தானும் ஒட்டி ஒட்டி இருக்க வேண்டாம்.

பூ உதிர்வது, எழுத்து ஓடுவது, படம் தானே நழுவுவது எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது நிஜமாகவே உபத்திரவம். 'அசைவைக் குறை' என்று ஃபோனில் வைத்திருப்பவர்களுக்கு அசைவை நிறுத்தும் வசதி சி.எஸ்.எஸ்.ஸில் உண்டு. பூட்ஸ்டிராப் தன்னுடைய அசைவுகளுக்கு அதைத் தானே செய்துவிடுகிறது. டெயில்விண்டில் நாம் கேட்டுப் போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், செய்து கொடுத்த பிள்ளையின் லேப்டாப்பில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டிலேயே மலிவான, பழைய ஃபோன் எது? அதை எடுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிற மாமியாரிடமோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ கொடுத்து, "கால் கிலோ பருப்புப் பொடி வாங்குங்க, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு பென்சில் குறி. நடுவில் நீங்கள் வாயைத் திறந்து, "இங்க, இங்க தொடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.