ஆதாருக்குத் தொழில் கேட்க யாருக்கும் உரிமையில்லை

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆதார் இல்லை. அதனால் ரேஷன் அட்டை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "அங்க போயி என்னன்னு சொல்லச் சொல்றீங்க?" என்பார்கள். பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவர்கள். பிறந்த வீட்டில் போய்ச் சான்று கேட்க முடியாது. குடியிருக்கும் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். வெறுங்கையோடு ஆதார் மையத்துக்குப் போனால், "என்ன வேலை பாக்குற? புருஷன் எங்க?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேள்வி வரும். ஆதார் விண்ணப்பத்தில் தொழிலைக் கேட்கும் கட்டமே கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெண் விண்ணப்பத்தைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார். பிறகு ஒரு புரோக்கர் வருகிறான். காசை வாங்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய முகவரியில் அட்டை எடுத்துக் கொடுக்கிறான். பல நேரம் அட்டை அவன் பையிலேயே தங்கிவிடுகிறது. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னபடிதான் அந்தப் பெண் ஆட வேண்டியிருக்கிறது.

புரோக்கர் தேவையே இல்லை. கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்ட வழக்கில் 2011-இல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இந்தப் பெண்களின் மறுவாழ்வைத் தானே முன்வந்து பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. அதில் 2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு பிறப்பித்த உத்தரவு தெளிவாக இருக்கிறது. வேறு சான்று இல்லாத பாலியல் தொழிலாளிக்கு ஒரு படிவச் சான்றிதழின் பேரில் ஆதார் வழங்க வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கெசட்டட் அதிகாரியோ மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ அந்தச் சான்றைத் தரலாம். தமிழ்நாட்டில் அந்தச் சங்கத்தின் அலுவலகம் சென்னை எழும்பூரில் இருக்கிறது.

நேரே சென்னைக்குப் போக முடியாதவர்கள், தங்கள் பகுதியில் ஆணுறை கொடுக்கவும் பரிசோதனைக்கு அழைக்கவும் வரும் தொண்டு நிறுவனக் களப்பணியாளரிடம் கேளுங்கள். அல்லது அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தின் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரிடம் கேளுங்கள். "உச்ச நீதிமன்றத்தின் 19.05.2022 உத்தரவின்படி ஆதார் பதிவுக்கான படிவச் சான்றிதழ் வழங்கக் கோருகிறேன்" என்று ஒரே வரியில் மனு எழுதினால் போதும். பெயர், பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் இடம் சேருங்கள். வாழ்க்கைக் கதை எழுத வேண்டாம். திட்ட இயக்குநர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் டெலிவரி ஒப்புகையும் சேர்த்து அனுப்புங்கள். மனுவின் நகலையும் அந்த ஒப்புகையையும் ஒன்றாக வைத்திருங்கள். "அப்படி மனு எதுவும் வரவில்லையே" என்று பின்னால் சொல்பவர்களுக்கு அந்த ஒப்புகைதான் பதில்.

சான்று தருவது எய்ட்ஸ் சங்கம் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். எச்.ஐ.வி. இருந்தால்தான் தருவார்கள் என்றும், வாங்கினால் இருப்பதாகப் பெயர் வந்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. இந்தச் சான்றுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. அட்டையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆதார் பதிவு எண்ணில் இவர்களை அடையாளம் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது, ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று அதே உத்தரவு சொல்கிறது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் புரோக்கர் பிழைக்கிறான். இன்னொன்றும் சொல்கிறேன்: உங்கள் ஆதாரை லாட்ஜ்காரரிடமோ கடன் கொடுத்தவரிடமோ அடகாக விடாதீர்கள்.

அந்த உத்தரவை வைத்துக்கொண்டு எல்லாமே சட்டப்பூர்வமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பி ஏமாறாதீர்கள். 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. வயது வந்த பெண் தன் விருப்பப்படி செய்வதை மட்டும் வைத்து அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. பாலியல் தொழில் விடுதி நடத்துவது, பொது இடத்தில் ஆள் அழைப்பது, கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது இவையெல்லாம் குற்றம். 4-ஆம் பிரிவு இன்னும் மோசம். பாலியல் தொழிலில் வரும் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரையும் அது தண்டிக்கும். சுரண்டுகிறவனைப் பிடிக்க எழுதிய பிரிவு அது. அதன் வாசகத்தில், அம்மா கட்டும் கல்லூரிக் கட்டணத்தில் படிக்கும் மகனும் மாட்டிக்கொள்ள முடியும். மகனையோ வயதான தாயையோ காட்டி யாராவது மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வழக்கறிஞருக்குக் காசு வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசியில் 15100.

சோதனைக்கு வரும்போது போலீஸார் குறைந்தது இரண்டு பெண் காவலர்களை அழைத்து வர வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரிப்பதும் பெண் காவலராகவே இருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வயதைச் சொல்லுங்கள், வயதுச் சான்றைக் காட்டுங்கள், சட்ட உதவி வழக்கறிஞர் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். அப்போது பேசாமல் நின்றவர்கள் காப்பகத்தில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். பையில் ஆணுறை இருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பதும் 2022 உத்தரவில் இருக்கிறது.

எனக்கு அதிகம் ஆத்திரம் வருவது பாலியல் வன்முறைப் புகாரில்தான். "உனக்கு இது புதுசா?" என்று ஸ்டேஷனில் சிரிக்கிறார்கள். மிஞ்சிப்போனால் புகார் வந்ததைக் குறிக்கும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்த ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பாலியல் குற்றப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், "எங்க எல்லை இல்லை" என்பது சாக்கு. மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். போலீஸுக்கு முன்னால் மருத்துவமனைக்குப் போவதிலும் தவறில்லை. தனியார் மருத்துவமனையும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீஸுக்குத் தகவல் சொல்வது அவர்கள் பொறுப்பு.

"விபசார அழகிகள் கைது" என்று தலைப்புப் போட்டு முகத்தை வெளியிடும் நாளிதழ்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனையிலும் மீட்பிலும் பிடிபடும் பெண்களின் அடையாளத்தை வெளியிடாதபடி பத்திரிகைகளுக்கு வழிகாட்டுமாறு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இது நடக்கிறது. ஒரு படம் வந்துவிட்டால் வாடகை வீடு போகிறது, பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறது. முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். சரிப்படாவிட்டால், நாளிதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலில் புகார் தர வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்களே அதிகம்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இல்லாததால் பயப்பட வேண்டாம். திருமணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் தந்தால் பிறப்புச் சான்று தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கவும் கூடாது.

இந்தத் தொழிலில் இல்லாத வாசகர்கள் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 19.05.2022-க்குப் பிறகு ஆதாருக்கான சான்றிதழ் கேட்டு ஆண்டுவாரியாக எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது, எத்தனை நிலுவையில் இருக்கிறது என்ற மூன்று எண்களை மட்டும் கேளுங்கள். யாருடைய பெயரையும் கேட்காதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.